வேலியே பயிரை மேய்ந்த கதை



தைரொயிட் நோய் பற்றி நமது வானொலியில் நேயர் நேரம் நடத்தும் ஒவ்வொரு முறையும் தொலைபேசி ஓய்வதில்லை. அழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குளிசையை எப்போது எடுப்பது, இரத்தப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று பேச்சுத் தொடங்கும். முடியும்போது எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: “எனக்கு ஏன் இது வந்தது?” கோவா தின்றதாலா, குளிர் நாட்டுக்கு வந்ததாலா, ஊரை நினைத்து யோசித்ததாலா, முன்வினையாலா?

நான் வைத்தியன் அல்லன். வணிகம் படித்து, மற்றவர்களின் கணக்குகளைப் பார்த்துப் பிழைப்பவன். ஒரு தொகை எங்கே பிழைத்தது என்று பழைய பேரேடுகளைப் பின்னோக்கிப் புரட்டுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில் இந்தக் கேள்வியையும் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். அது என்னை வேறெங்கும் கொண்டு போகவில்லை. நாம் வாழும் இதே இலண்டனில், குட்ஜ் ஸ்ரீற் நிலக்கீழ் நிலையத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் கதையைத்தான் இம்மாத உரையில் சொல்ல வந்தேன்.

கழுத்திலுள்ள மேற்பார்வையாளர்

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருப்பது தைரொயிட் சுரப்பி. உணவிலுள்ள அயடினை எடுத்து, தைரொக்சின் என்ற ஓமோனை ஆக்கி இரத்தத்தில் விடுவது அதன் வேலை. உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்பதை அந்த ஓமோன் தீர்மானிக்கிறது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். தைரொக்சின் குறைந்தால் ரி.எஸ்.எச். என்ற இன்னொரு ஓமோனைக் கூட்டி, “இன்னும் செய்” என்று ஏவும். அதனால்தான் சுரப்பி சோரும்போது பரிசோதனைத் தாளில் ரி.எஸ்.எச். எண் ஏறுகிறது. இது குறைந்தால் அது கூடும்.

இந்தச் சுரப்பிக்கு வரும் நோய்களில் இரண்டு, உடம்பு தன்னைத் தானே தாக்குவதால் வருபவை. ஒன்றில் சுரப்பி மெல்ல மெல்ல அழிந்து சோர்வு, குளிர் தாங்காமை, உடம்பு வைத்தல், மலச்சிக்கல், மனச்சோர்வு உண்டாகும். இது ஹஷிமோற்றோ நோய். மற்றதில் சுரப்பி கடிவாளமில்லாமல் ஓடி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடம்பு மெலிந்து, சிலருக்குக் கண்ணும் பிதுங்கும். இது 1835இல் டப்ளினில் விவரித்த வைத்தியர் றொபேட் கிறேவ்ஸின் பெயரால் கிறேவ்ஸ் நோய் எனப்படுகிறது. காவலுக்குப் போட்ட வேலியே பயிரை மேய்வது என்று நம் முன்னோர் சொன்னதற்கு உடம்பில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மந்தமான பெண்கள்

நோயாளிகள் முன்பும் இருந்தார்கள், விளக்கம்தான் இல்லை. 1873இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் சேர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் ஊதி, பேச்சுத் தடித்து, மந்தமாகிப் போவதைப் பற்றி ஒரு மருத்துவச் சங்கத்தில் பேசினார். சில ஆண்டுகளில் சென் தோமஸ் வைத்தியசாலையின் வில்லியம் ஓர்ட் அதற்கு மிக்சிடீமா என்று பெயர் வைத்தார். இலண்டன் மருத்துவர் சங்கம் ஒன்று 1883இல் ஒரு குழுவை அமைத்து, 1888இல் நீண்ட அறிக்கை வெளியிட்டது. தைரொயிட் சுரப்பி கெட்டுப்போவதே காரணம் என்பது அதன் முடிவு.

அறிக்கை வந்து மூன்றே ஆண்டுகளில், 1891இல், நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர் செம்மறி ஆட்டின் தைரொயிட்டிலிருந்து சாறு எடுத்து 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சோர்ந்து கிடந்த பெண் எழுந்து நடமாடினார். பின்பு அதை வாயால் எடுத்துக்கொண்டு 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். அவருக்கு மட்டும் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று நம் அக்காமார் காலையில் விழுங்கும் சின்னஞ்சிறு வெள்ளைக் குளிசைக்கு மூத்த தலைமுறை அந்த ஆடுகள்தான். தைரொக்சினின் இரசாயன அமைப்பைச் சரியாகக் கண்டுபிடித்தவரும் இலண்டனில் இருந்தவரே: யூனிவேர்சிற்றி கொலிச் வைத்தியசாலை மருத்துவக் கல்லூரியின் சார்ள்ஸ் ஹரிங்ரன், 1926இல்.

ஆக, மருந்து வந்துவிட்டது. ஆனால் சுரப்பி ஏன் கெடுகிறது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. கடையில் நட்டம் வருகிறது, பணம் போட்டு நிரப்பிக்கொண்டே இருக்கிறோம், யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை என்ற நிலைதான்.

ஒரு துப்பு 1912இல் யப்பானிலிருந்து வந்தது. கியூஷூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஹக்காரு ஹஷிமோற்றோ என்ற முப்பத்தொரு வயது சத்திரசிகிச்சை வைத்தியர், நான்கு பெண்களின் வீங்கிய தைரொயிட்டை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கிருமியை எதிர்க்க ஓடிவரும் வெண்கலங்கள் அங்கே குவிந்து கிடந்தன. ஆனால் கிருமி எதுவும் இல்லை. ஜேர்மன் மொழிச் சஞ்சிகை ஒன்றில் அதை எழுதினார். பின்னர் தன் ஊருக்குத் திரும்பி, குடும்பத் தொழிலான வைத்தியத்தைப் பார்த்து, 1934இல் நெருப்புக் காய்ச்சலால் இறந்துபோனார். தன் பெயர் உலகமெங்கும் மருந்துச்சிட்டைகளில் ஏறும் என்று அவருக்குத் தெரியாது.

மோர்ட்டிமர் வீதி, 1956

துப்பைப் பின்தொடர ஒரு தடை இருந்தது. உடம்பு தன்னைத் தானே தாக்காது என்பது அக்கால நம்பிக்கை. ஜேர்மனியின் பெரும் மேதை போல் ஏர்லிக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடம்பு தன்னை நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்று இலத்தீனில் ஒரு தொடரால் சொல்லிவைத்தார். பெரியவர் சொன்னது விதியாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இலண்டன் மோர்ட்டிமர் வீதியில் மிடில்செக்ஸ் வைத்தியசாலை இருந்தது. அங்கே தைரொயிட் நோயாளிகளைக் கவனித்துவந்தவர்களில் ஒருவர் டெபோரா டோனியாக் என்ற பெண் வைத்தியர். 1912இல், ஹஷிமோற்றோவின் கட்டுரை வந்த அதே ஆண்டில், ஜெனீவாவில் பிறந்தவர். பாரிசில் படிப்பைத் தொடங்கி, மணமுடித்து இலண்டன் வந்து, 33 வயதில்தான் றோயல் ஃபிறீ மருத்துவப் பாடசாலையில் பட்டம் பெற்றார். பிள்ளை வளர்த்துக்கொண்டு, வேற்று நாட்டில், இடையில் நின்ற படிப்பை முடித்த பெண்கள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

டோனியாக் கவனித்தது இதுதான். ஹஷிமோற்றோ நோயாளிகளின் இரத்தத்தில், பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபியூலின் என்ற புரதம் கூடியிருந்தது. சத்திரசிகிச்சை செய்து சுரப்பியை அகற்றினால் அது இறங்கியது. அப்படியானால் எதிரிப் படையை வரவழைத்துக்கொண்டிருந்தது அந்தச் சுரப்பியா? இதே வைத்தியசாலை வளாகத்தின் உயிர்இரசாயன நிலையத்தில் ஐவன் ரொயிற், பீற்றர் காம்பெல் என்ற இரு விஞ்ஞானிகள் இருந்தனர். அவர்களும் சத்திரசிகிச்சை நிபுணர் வோகன் ஹட்சனும் சேர்ந்தார்கள். செய்த சோதனை எளிமையானது: நோயாளியின் இரத்தத் தெளியத்தையும் தைரொயிட் சாற்றையும் ஒன்றுசேர விட்டார்கள். பால் திரைவதுபோல் இரண்டும் சந்தித்த இடத்தில் வெண்படிவு உண்டானது. நோயாளியின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரி, தைரோகுளோபியூலின் என்ற தைரொயிட் புரதத்தைப் பிடித்திருந்தது.

1956 ஒக்ரோபரில் லான்செற் சஞ்சிகையில் அது சிறியதொரு கட்டுரையாக வந்தது. மனித உடம்பின் ஓர் உறுப்பை அதன் சொந்தக் காவற்படையே தாக்குகிறது என்பதற்கு அது தெளிவான சான்று.

அதே காலத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் றோஸ் என்ற இளைஞர், முயல்களுக்கு அவற்றின் சொந்தத் தைரொயிட் சாற்றையே ஊசியாகப் போட்டு, அவற்றின் சுரப்பியில் ஹஷிமோற்றோ நோய் போன்ற அழிவை உண்டாக்கிக் காட்டினார். அவருடைய பேராசிரியர் ஏர்ணஸ்ற் விற்றெப்ஸ்கி, ஏர்லிக்கின் வழிவந்த சீடர் பரம்பரை. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பின்னரே அவர் நம்பினார். அதே 1956இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் அடம்ஸ், பேர்விஸ் என்ற இருவர், கிறேவ்ஸ் நோயாளிகளின் இரத்தத்தில் சுரப்பியை நீண்ட நேரம் விரட்டும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதுவும் பிறபொருளெதிரி என்று பின்னர் தெரிந்தது. ஒரே ஆண்டில், மூன்று கண்டங்களில், ஒரு பழைய விதி உடைந்தது.

கதவு திறந்தபின் மற்ற அறைகளும் தெரிந்தன. 1974இல் பொற்றாசோ என்ற இத்தாலிய ஆய்வாளருடன் சேர்ந்து டோனியாக், இன்சுலின் சுரக்கும் கலங்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டு வெளியிட்டார். சிறுபிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு, தைரொயிட் நோயின் உறவினர் என்று அப்போது தெரியவந்தது. (நம்மவர்க்குப் பெருவாரியாக வருவது இரண்டாம் வகை; அது வேறு கணக்கு.) டோனியாக் 2004இல் மறைந்தார். மிடில்செக்ஸ் வைத்தியசாலை 2005இல் மூடப்பட்டு, பின் இடிக்கப்பட்டது. அதன் சிறிய தேவாலயம் மட்டும் ஃபிற்ஸ்றோவியா தேவாலயம் என்ற பெயரில் புதிய கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. ஒக்ஸ்ஃபோர்ட் வீதிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பத்து நிமிடம் நடந்தால் பார்த்துவிட்டு வரலாம்.

புதிய ஆய்வுகள் சொல்வது

யார் எடுக்கிறார் என்று தெரிந்துவிட்டது. ஏன் எடுக்கிறார்? இங்கேதான் அண்மைய ஆய்வுகள் வருகின்றன.

முதலாவது, பரம்பரை. டென்மார்க்கில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிறேவ்ஸ் நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 35. தனித்தனிக் கருவில் வந்த இரட்டையரில் அது நூற்றுக்கு 3. அதாவது பரம்பரை பெரிய பங்கு வகிக்கிறது. ஆனால் எல்லாம் ஒன்றாயிருந்தும் மூன்றில் இரண்டு பேருக்கு வரவில்லை. 2020இல் ஐஸ்லாந்திலும் பிரித்தானியாவிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, இந்நோயுடன் தொடர்புடைய 99 மாற்றங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 84 அதுவரை அறியப்படாதவை. தனி ஒரு குற்றவாளி இல்லை. தொண்ணூற்றொன்பது சிறு கடன்கள் சேர்ந்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெண்கள். 2023இல் லான்செற்றில் வந்த ஆய்வு பிரித்தானியாவில் 2 கோடி 20 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. ஆராய்ந்த 19 தன்னெதிர்ப்பு நோய்களில் ஏதேனுமொன்று பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்கும், ஆண்களில் 7 பேருக்கும் இருந்தது. ஏன் இந்த வித்தியாசம்? பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. அவற்றில் ஒன்றைக் கலங்கள் தாமே பூட்டி வைக்கின்றன. அந்தப் பூட்டாகிய மூலக்கூறும் அதில் ஒட்டிய புரதங்களும் காவற்படையைத் தவறாகக் கிளப்பக்கூடும் என்று அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் 2024இல் எலிகளில் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது லூப்பஸ் போன்ற நோய். தைரொயிட்டுக்கும் அது பொருந்துமா என்பது இனிமேல்தான். எப்படியானாலும், “பெண்களுக்குச் சும்மா அலுப்பு” என்று சொல்லும் வாய்க்கு இது பதில்.

மூன்றாவது, அயடின். இங்கே நம் நாடே வருகிறது. இலங்கையில் கண்டக்கழலை பரவலாக இருந்ததால் 1990களில் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாயிற்று. அதன்பின் 11 முதல் 16 வயது வரையான 367 பாடசாலை மாணவிகளைப் பரிசோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், தைரோகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் எதிர்பாராத அளவு அதிகமாகக் காணப்பட்டன. டோனியாக் குழுவினர் கண்ட அதே எதிரி. சில ஆண்டுகளுக்குப்பின் பார்த்தபோது அது தணிந்திருந்தது. டென்மார்க்கும் 2000இல் உப்பில் அயடின் சேர்த்தது; அங்கும் இத்தகைய பிறபொருளெதிரிகள் உள்ளோர் தொகை கூடியது. இதைக் கேட்டு யாரும் அயடின் உப்பை வீசிவிடாதீர்கள். அயடின் இல்லாமல் பிள்ளையின் மூளை வளராது. குறைந்தாலும் கேடு, திடீரெனக் கூடினாலும் கேடு என்பதே பாடம். “தைரொயிட்டுக்கு நல்லது” என்று விற்கும் கடற்பாசிக் குளிசைகளை வைத்தியரைக் கேளாமல் வாங்காதீர்கள்.

நான்காவது, நாம் எல்லோரும் மனதில் வைத்திருப்பது. போரும் துயரமும் இந்நோயைக் கொண்டுவருமா? இது பழைய சந்தேகம். ஜேர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில், 1941 முதல் 1945 வரை, அங்கே தைரொயிட் மிகையாகச் சுரக்கும் நோய் கூடியதை வைத்தியர்கள் பதிந்தார்கள். 2018இல் சுவீடனில் பெரும் அதிர்ச்சிகளுக்குப் பின் மனநோய்க்கு உள்ளான ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9 பேருக்குத் தன்னெதிர்ப்பு நோய் ஏதேனும் வந்தது; மற்றவர்களில் அது 6 அல்லது 7. வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. மொத்தக் கூட்டலில் தெரிகிற ஒன்றை ஒரு தனி வரியில் தேட முடியாது. ஆகவே உங்கள் நோயை ஷெல்லடிதான் தந்தது என்றோ, நீங்கள் யோசித்ததுதான் தந்தது என்றோ எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. யோசித்து வருத்தத்தைத் தேடிக்கொண்டாய் என்று ஒரு தாயைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

பூச்சியமும் வெற்றிடமும்

இனி நம் வீட்டு விஷயம். என் அம்மம்மாவின் கழுத்தில் ஒரு வீக்கம் இருந்தது. நாங்கள் பிள்ளைகளாக அதைத் தொட்டு விளையாடியிருக்கிறோம். பிந்திய காலத்தில் சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார். எவரும் அவரை வைத்தியரிடம் கொண்டு போனதில்லை. சாதாரண மருந்துகளுக்கே வடக்கில் தட்டுப்பாடு இருந்த 1990களில் அவர் காலமானார். சில ஆண்டுகளுக்கு முன் என் மருமகளுக்கு, அதாவது தங்கையின் மகளுக்கு, இருபத்தாறு வயதில் ஹஷிமோற்றோ நோய் என்று இங்கே சொன்னார்கள். குடும்பத்தில் எவருக்கும் தைரொயிட் நோய் இருந்ததா என்று படிவத்தில் கேட்டிருந்தது. தங்கை “இல்லை” என்று எழுதினாள்.

கணக்கியலில் பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு. பூச்சியம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. வெற்றிடம் என்றால் எவரும் எண்ணவில்லை. நம் குடும்பங்களில் பெரும்பாலானவை வெற்றிடங்கள். பரிசோதனை நடக்கவில்லை, நடந்த தாள்களும் இடம்பெயர்வில் போய்விட்டன, உறவுகள் கனடா, பிரான்ஸ், நோர்வே என்று சிதறிவிட்டன. இந்தியாவில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மேல் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது. அவர்களில் எல்லோரும் நோயாளிகள் அல்லர். இங்கிலாந்தின் விக்கம் ஊரில் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வில், பிறபொருளெதிரி மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பேருக்கும், ரி.எஸ்.எச். எண்ணும் ஏறியிருந்த பெண்களில் 4 பேருக்கும்தான் சுரப்பி செயலிழந்தது. பயப்படுவதற்கு இதைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால், குறிப்பாகப் பிள்ளைப்பேற்றுக்கு முன், நேரத்தோடு பரிசோதிக்கலாம்; கர்ப்பகாலத்தில் மருந்தின் அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும்.

என் தொழில் புத்தி ஒன்றையும் சொல்லச் சொல்கிறது. சுரப்பி குறைவால் நிரந்தரமாகத் தைரொக்சின் எடுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. அதிருந்தால் உங்கள் எல்லா மருந்துச்சிட்டைகளும் இலவசம். அதைப் பற்றி ஜீ.பி. நிலையத்தில் கேளுங்கள். உரிமை இருந்தும் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இம்மாதம் ஊரிலுள்ள பெரியம்மாவுடனோ கனடாவிலுள்ள மாமியுடனோ பேசும்போது, சுகம் விசாரித்த கையோடு கேளுங்கள்: நம் வீட்டில் யாருக்குக் கழுத்து வீங்கியிருந்தது? யாருக்குப் படபடப்பு, கண் பிதுக்கம், பிள்ளை பிறந்தபின் தீராத சோர்வு? யார் குளிசை எடுக்கிறார்கள்? பதிலை ஒரு கொப்பியில் பெயரும் உறவுமுறையுமாக எழுதி, அதை உங்கள் மகள்மாரிடமும் மகன்மாரிடமும் கொடுங்கள். அடுத்தமுறை வைத்தியர் கேட்கும்போது அவர்கள் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். நானும் தங்கையும் எங்கள் கொப்பியின் முதல் வரியில் அம்மம்மாவின் பெயரை எழுதியிருக்கிறோம்.